ஒரு மெல்லிசைக் குழுவில் பாடகர் மாற்றமும் ஒருதலை விருப்பமும்: நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றி

திருச்சியில் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு மெல்லிசைக் குழுவில், ஓர் ஆடியில் தொடங்கி அடுத்த ஆடிக்குள் ஒருவழியாக ஓய்ந்த விவகாரம் இது. நான் அந்தக் குழுவுக்கு ஒலி அமைப்பு பார்ப்பவன். பாடுவதும் இல்லை, வாசிப்பதும் இல்லை. அதனாலேயே ஆளாளுக்கு என்னிடம் வந்து மனம்விட்டுப் பேசினார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆள் தெரிந்துவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாருக்கும் பெயர் இல்லை, வாசிக்கும் கருவிதான் அடையாளம்.

இந்த மாதிரி விவகாரம் குழுக்களில் புதிதல்ல. "கருத்து வேறுபாடு, பிரிஞ்சுட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எந்த முடிவை எப்போது எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதற்காகத்தான் இது.

பின்னணி

குழுவில் ஏழு பேர். கீபோர்டு வாசிப்பவர் வங்கி ஊழியர். குழுவை ஆரம்பித்தவர் அவர்தான். கீபோர்டு, மிக்ஸர், ஸ்பீக்கர் எல்லாம் அவருடையவை. கிட்டார்காரர் தனியார் பொறியியல் கல்லூரி ஆசிரியர், முப்பதைத் தொட்டவர், மணமாகாதவர். பேஸ் கிட்டார் வாசிப்பவர் மருந்து விற்பனைப் பிரதிநிதி. ரிதம் பேட் (டிரம்ஸ் மாதிரி அடிக்கும் மின்னணுப் பலகை) வாசிக்கும் தம்பி செல்போன் கடை வைத்திருக்கிறார். தபலா வாசிப்பவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் அவர் மாமா. பாடகருக்கு ஆலையில் ஷிப்ட் வேலை. பாடகி ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர், வயது இருபத்தைந்து. இவர்களைத் தவிர கணக்கும் புக்கிங்கும் பார்ப்பவர் கீபோர்டுக்காரரின் மனைவி. அவரை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் கதையில் அதிகம் செய்தது அவர்தான்.

பயிற்சி உறையூரில் கீபோர்டுக்காரர் வீட்டு மாடியறையில், ஞாயிறு மாலை நடக்கும். முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யாரோ சொன்னதை நம்பி நாலு சுவரிலும் ஒட்டி வைத்திருந்தார்கள். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். அட்டைக்கு ஏது கனம்? பேட் அடித்தால் தெருமுனை வரை கேட்கும். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்ததால் ஏழரைக்கு மேல் வாசிப்பதில்லை என்று ஓர் ஏற்பாடு. ஆக வாரத்துக்கு மூன்றரை மணி நேரம். ஷிப்ட் மாறினால் பாடகருக்கு அந்த மூன்றரை மணி நேரமும் போய்விடும். அடுத்த வாரம் வரை அவர் பாட்டைக் கேட்க வழியில்லை.

யாரும் இதில் சம்பாதிப்பதில்லை. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள். ஆவணி பிறந்தால் ரிசப்ஷன்கள். மார்கழியில் ஓய்வு, மறுபடி தை முதல் பங்குனி வரை ஓட்டம். வருகிற பணம் வேன், கூடுதல் சவுண்ட் செட், சாப்பாடு என்று கரைந்ததுபோக மிச்சம் பொதுப்பணத்தில் சேரும். பேட் தம்பி மட்டும் அவ்வப்போது வேறு ஆர்கெஸ்ட்ராவுக்குக் கூலிக்கு வாசிக்கப் போவார்.

இன்னொரு விஷயத்தைப் பின்னணியிலேயே சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பத்து மணிக்குக் கச்சேரியை முடித்தாலும் வயரைச் சுருட்டிக் கிளம்பப் பதினொன்று ஆகிவிடும். பாடகி வீடு ஸ்ரீரங்கம். கிட்டார்காரர் வீடும் அந்தப் பக்கம்தான். அதனால் முதல் கச்சேரியிலிருந்தே அவர்தான் பைக்கில் கொண்டுபோய் விடுவார். யாரும் கூடி முடிவு செய்ததில்லை, தானாக அமைந்துபோன ஏற்பாடு. பாடகியின் அப்பா பெண்ணை அனுப்பியது மாமாவின் வார்த்தையை நம்பி. "நீங்க இருக்கீங்கன்னுதான் அனுப்பறேன்" என்று அவர் மாமாவிடம் சொன்னது எல்லாருக்கும் தெரியும்.

முதலில் வந்தது பாடகர் மேல் புகார்

ஆவணி மாதம் ஒரு பயிற்சியின் முடிவில் கிட்டார்காரர் பேச்சை எடுத்தார். பாடகரை மாற்ற வேண்டும். காரணம் மூன்று: பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை, மேல் ஸ்தாயியில் சுருதி இறங்குகிறது, மேடையில் போனைப் பார்த்துப் பாடுகிறார். வேறு ஆள் கிடைக்கும்வரை தானே பாடிக்கொண்டே வாசிப்பதாகவும் சொன்னார்.

மூன்றும் உண்மை. இது முக்கியம். புகாரில் பொய் இருந்திருந்தால் அன்றைக்கே தள்ளிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் கூடவே சில சின்ன மாற்றங்களும் தெரிந்தன. பாட்டுப் பட்டியல் போடும் வேலை கிட்டார்காரருடையது. முன்பு பட்டியலில் பாதிக்குப் பாதி டூயட் இருக்கும். ஆடிக்கு அப்புறம் அது மூன்று நான்காகக் குறைந்தது, பாடகியின் சோலோக்கள் கூடின. மேடையில் நிற்கும் இடத்தையும் மாற்றச் சொன்னார். வழக்கமாக மாமா பக்கத்தில் இருக்கும் தன் மானிட்டரை (வாசிப்பவர் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) முன்னால், பெண் குரல் மைக்குக்குப் பக்கத்தில் கேட்டார். ஸ்பீக்கர் நேராக மைக்கைப் பார்த்தால் ஊளையிடும் என்று நான் மறுத்ததும் சலித்துக்கொண்டார். இன்னொன்றை அண்ணி கவனித்தார். குழுவில் ஆண்கள் எல்லாரையும் பாடகி அண்ணா என்றுதான் கூப்பிடுவார். தன்னை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார் கிட்டார்காரர். பாடகி எப்படியும் கூப்பிடாமல், "இங்க பாருங்க" என்று சமாளித்துக்கொண்டிருந்தார்.

அப்போது இதையெல்லாம் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. புகார் பாட்டைப் பற்றியது, அதனால் பாட்டை வைத்தே பார்ப்போம் என்று கீபோர்டுக்காரர் முடிவு செய்தார். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தாலும் அது சரியான முடிவுதான்.

சுருதிக் கணக்கு

நான்கு ஞாயிறுகள் பயிற்சியை மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவு செய்தோம். போனில் பதிவு செய்தால் அறையின் சத்தம் குரலை மூடிவிடும், யார் எங்கே இறங்கினார் என்று தெரியாது. அப்புறம் கீபோர்டுக்காரரும் மாமாவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் அதன் கட்டையோடு சேர்த்துக் குறித்தோம். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு, எண் கூடினால் சுருதி உயரம்.

விஷயம் உடனே புலப்பட்டது. பாடகருடையது கனத்த குரல். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் அவர் பாடினால் காது குளிரும். நம் சினிமா டூயட்களில் பெரும்பாலானவை உயரத்தில் சுலபமாகப் போகிற ஆண் குரலுக்காகப் போட்டவை. அவற்றை ரிக்கார்டில் உள்ள ஸ்கேலிலேயே வாசித்துக்கொண்டிருந்தார்கள். ரசிகர்கள் கேட்டுப் பழகிய ஸ்கேலில் இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. அதனால் மூன்று கட்டைப் பாட்டில் சரணத்தின் உச்சியில் அவர் தொண்டை இறுகி, சுருதி கீழே போகும். இறக்கி வாசித்த பாட்டுகளில் இந்தக் குறையே இல்லை.

சரி, இறக்கிவிட்டால் போயிற்றே என்று தோன்றும். அதில்தான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கஷ்டம். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்கேல் மாறிவிடும். கிட்டாருக்குக் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப் இருக்கிறது, ஆனால் அது சுருதியை ஏற்றத்தான் உதவும். இறக்க வேண்டுமென்றால் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வேறு விதமாகப் பிடிக்க வேண்டும், திறந்த கம்பியை நம்பி வாசித்த பிட்களை விட்டுவிட வேண்டும். தபலாவின் கஷ்டம் இன்னும் பெரிது. வலக்கைத் தபலாவைச் சுத்தியால் தட்டித் தட்டி அரைக் கட்டை, ஒரு கட்டை நகர்த்தலாம். அதற்கு மேல் போனால் நாதம் செத்துவிடும், வேறு தபலாதான் எடுக்க வேண்டும். மாமாவிடம் இருந்தது இரண்டு. பாட்டுக்குப் பாட்டு ஸ்கேல் மாறினால் அவர் சுத்தியும் கையுமாகவே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

டூயட்டில் பாடகியின் கஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. மூன்று கட்டை டூயட்டைப் பாடகருக்காக ஒன்றரைக்கு இறக்கினால், பாடகியின் வரி மந்திர பஞ்சமத்துக்கு, அதாவது கீழ் ஸ்தாயியின் 'ப'வுக்குப் போகிற இடத்தில் குரல் வெறும் காற்றாகிவிடும். அதைத் தூக்கிக் காட்ட நான் மைக்கைக் கூட்டினால் ஊளை வரும். ஆகவே பாடகரை வைத்துக்கொண்டு எல்லா டூயட்டையும் இறக்குவது நடக்காத காரியம். பாடகரை எடுத்துவிட்டால் இன்னொரு பிரச்சினை. கிட்டார்காரர் சுருதி சுத்தமாகப் பாடினார், ஆனால் பாடும்போது அவர் கை வெறும் கார்டு தட்டுவதோடு நின்றுவிட்டது. பதிவைக் கேட்டால், ஒரு சுமாரான பாடகர் கிடைத்து ஒரு நல்ல கிட்டார் போனது தெரியும்.

ஆகப் புகார் பாதி சரி. வராமல் இருப்பது பாடகரின் குறை. சுருதி இறங்குவதில் பெரும்பங்கு பாட்டுத் தேர்வின் குறை. அந்தத் தேர்வு கிட்டார்காரர் கையில் இருந்தது. இந்த இடத்தில்தான் கீபோர்டுக்காரருக்கு முதல் சந்தேகம் வந்தது. பாடகருக்கு ஒத்துவராத ஸ்கேல் பாட்டுகள் அந்த ஒன்றிரண்டு மாதங்களாகக் கூடியிருந்தன.

அடுத்துத் தெரியவந்தது

ஐப்பசி கடைசியில் பாடகி அண்ணியிடம் வந்து பேசினார். ஒரு ரிசப்ஷன் முடிந்து கிட்டார்காரர் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்ட இரவு, நீளமாக ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. பிடித்திருக்கிறது, கல்யாணம் செய்துகொள்ள ஆசை, யோசித்துச் சொல் என்று. மரியாதையான மெசேஜ்தான், அண்ணி படித்துப் பார்த்தார். பாடகி பதில் போட்டது: "எனக்குப் பாடணும்ணா. இதைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியல."

கிட்டார்காரர் இதை "இப்போ வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்" என்று எடுத்துக்கொண்டார். அதிலிருந்து தினமும் ராத்திரி பாட்டு லிங்க், சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா. பாடகி மூன்றுக்கு ஒன்று பதில் போட்டார். இரண்டு கச்சேரிகளில் தலைவலி என்று சொல்லி முன்னாடியே ஆட்டோவில் கிளம்பிப் போனதற்குக் காரணம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஏன் நேராக முடியாது என்று சொல்லவில்லை என்று அண்ணி கேட்டார். பாடகி சொன்ன பதிலை நான் இந்த ஆய்வின் மையமாக எடுத்துக்கொள்கிறேன். "முடியாதுன்னா என்னைக் கூட்டிட்டுப் போக யாரு இருக்கா? எனக்குப் பாட்டு வருமா? அப்பாவுக்குத் தெரிஞ்சா யாரு பண்ணினாங்கன்னு கேக்க மாட்டார் அண்ணி, பாடப் போகாதேன்னுதான் சொல்வார்." வீட்டுக்குப் போகும் வழி, மேடையில் கிடைக்கும் பாட்டு, வீட்டில் கிடைத்த அனுமதி, மூன்றும் ஒரே ஆளோடு முடிச்சுப் போட்டிருந்தன. கிட்டார்காரர் அப்படித் திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த நிலையில் அவர் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் அந்தப் பெண்ணால் சுதந்திரமாகப் பதில் சொல்ல முடியாது.

அலுவலகமாக இருந்தால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு புகார்க் குழு இருந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூடிப் பாடுகிற ஏழு பேருக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. யாரிடம் சொல்வது என்று பாடகியே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அண்ணி இல்லையென்றால் பேசாமல் குழுவை விட்டு நின்றிருப்பேன் என்று பின்னால் சொன்னார்.

முன்னே வந்த யோசனைகள்

பாடகி சம்மதித்த பிறகு, அண்ணி தன் கணவரிடமும் மாமாவிடமும் என்னிடமும் மட்டும் சொன்னார். நாலு பேருக்கு நாலு யோசனை.

கீபோர்டுக்காரர் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்வீடனின் ஆபா குழுவை உதாரணம் காட்டினார். இரண்டு தம்பதிகள் சேர்ந்த குழு அது. ஒரு தம்பதி பிரிவதாக 1979-இல் அறிவித்தது, இன்னொன்று 1981-இல். அப்படியும் 1982 வரை ஒன்றாகப் பாடிப் பதிவு செய்தார்கள். மனசு வேறு, பாட்டு வேறு என்று இருக்க முடியாதா என்று கேட்டார். மாமா பட்டென்று பதில் சொன்னார்: "அவங்களுக்கு அது பொழப்பு மாப்ள. நமக்கு ஞாயித்துக்கிழமை. புடிக்கலைன்னா நாளைக்கே வீட்ல உக்காந்துக்கலாம், எது புடிச்சு நிறுத்தும்?" அதில் விஷயம் இருக்கிறது. தொழில்முறைக் குழுவை ஒப்பந்தமும் பணமும் கட்டி வைத்திருக்கும். நம்மைப் போன்ற குழுவில் கட்டி வைத்திருப்பது நல்லுறவு ஒன்றுதான்.

ஆனால் அதே மாமா அடுத்துச் சொன்னது வேறு. "கொஞ்ச நாளைக்கு அந்தப் பொண்ண நிறுத்தி வைப்போம். பையன் தானா தெளிஞ்சிடுவான். அவங்க அப்பாகிட்ட நான் வாக்குக் கொடுத்திருக்கேன்." அவர் பயம் நியாயமானது, யோசனை நியாயமில்லை. குழுக்களில் இப்படி ஒன்று வந்தால் பத்துக்கு ஒன்பது பேர் கை வைப்பது பெண்ணின் மேல்தான், அதுவும் பாதுகாப்பு என்ற பெயரில். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "மெசேஜ் போட்டவர் கிட்டார மாட்டிட்டு மேடையில நிப்பார். வாங்கினவ வீட்ல உக்காரணுமா மாமா?" என்று கேட்டார். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, நீயே சொல்லு" என்றார்.

இரு வீட்டாரிடமும் பேசிப் பார்க்கலாமே என்ற எண்ணமும் வந்தது. பெண்ணுக்கு விருப்பமில்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தவிர, இரண்டு வீடும் வேறு வேறு சாதி. அதை எடுத்தால் குழு என்ன, வேறு பலதும் உடையும்.

எடுத்த முடிவுகள்

முதலில் வண்டி. அந்த வாரமே மாற்றினோம். கச்சேரி முடிந்ததும் வேன் பாடகியை ஸ்ரீரங்கத்தில் விட்டுவிட்டுத்தான் சாமான் இறக்க உறையூர் வர வேண்டும். பேஸ்காரரும் நானும் வேனிலேயே வருவோம். கூடுதல் வாடகை பொதுப்பணத்திலிருந்து. குழுவில் காரணம் எதுவும் சொல்லவில்லை, "இனிமே வேன்ல விடுறோம்" என்று அண்ணி அறிவித்ததோடு சரி. இதை முதலில் செய்ததற்குக் காரணம், மற்ற பேச்சுகள் எப்படித் திரும்பினாலும் பாடகி இரவில் வீட்டுக்குப் போவதற்கு யாரையும் நம்பி இருக்கக் கூடாது.

இரண்டாவது, பாடகியின் பதில். தானே சொல்கிறாயா, யாராவது சொல்லட்டுமா என்று அண்ணி கேட்டார். தானே எழுதுவதாகச் சொன்னார். "எனக்கு அப்படி எண்ணம் இல்லை, இனியும் வராது. ரிகர்சல் விஷயம் தவிர வேற மெசேஜ் வேண்டாம்ணா." முதலில் "மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்திருந்தார். அந்த வார்த்தையை அண்ணி எடுக்கச் சொன்னார்.

மூன்றாவது, கிட்டார்காரரோடு பேச்சு. கூட்டம் போட்டுப் பேச வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனோம். நாலு பேர் முன்னால் தலைகுனிந்தவர் அப்புறம் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், யோசிக்க மாட்டார். கீபோர்டுக்காரர் மட்டும் அவரை டீக்கடைக்குக் கூட்டிப் போனார். விரும்பியது தப்பில்லை, கேட்டதும் தப்பில்லை. தெளிவான பதில் வராமலே தினமும் தொடர்ந்ததும், பாட்டுப் பட்டியலை அதற்கேற்றபடி வளைத்ததும் தப்பு என்றார். கிட்டார்காரருக்கு முதலில் கோபம். "நான் என்ன தப்பாப் பேசினேன்?" என்றார். அப்புறம் கேட்டது, "யார் யாருக்குத் தெரியும்?" கீபோர்டுக்காரர் மறைக்காமல் நாலு பேர் என்று சொன்னார். அது அவரைக் கொஞ்சம் அடக்கியது என்று நினைக்கிறேன். தெரியாது என்று மழுப்பியிருந்தால், ஊருக்கே தெரியும் என்று அவராகக் கற்பனை செய்துகொண்டிருப்பார். பட்டியல் விஷயத்தை மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

பாடகர் விஷயத்தை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி, கார்த்திகையில் எடுத்தோம். எல்லாரும் இருக்கப் பதிவைப் போட்டுக் கேட்டோம். யார் எந்தக் கட்டையில் எந்தப் பாட்டுப் பாடுவது என்று எழுதினோம். உயரமான டூயட்களுக்கு ஒரு கல்லூரி மாணவரைச் சேர்த்தோம். பாடகர் தன் கட்டைப் பாட்டுகளோடு தொடர்வார். ஷிப்ட் அட்டவணையை மாதத் தொடக்கத்திலேயே அண்ணியிடம் கொடுத்துவிடுவார். பட்டியல் போடும் வேலை மாதம் இருவர் என்று சுற்றில் வந்தது. கிட்டார்காரரிடமிருந்து மட்டும் பிடுங்கினால் தண்டனையாகத் தெரியும் என்பதால் எல்லாருக்கும் சுற்று என்று வைத்தோம். அவருக்கு அது தண்டனையாகத்தான் தெரிந்தது.

பாடகரிடம் முழு விஷயத்தையும் சொல்வதா என்ற கேள்வி வந்தது. பாடகியின் விஷயத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அதனால் சொல்லவில்லை.

தை முதல் பங்குனி வரை

கிட்டார்காரர் தை முழுதும் வந்தார். நன்றாகவே வாசித்தார். ராத்திரி மெசேஜ் நின்றுவிட்டது. ஆனால் அறையில் முன்பிருந்த கேலியும் சிரிப்பும் போய்விட்டன. பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு. வடை வாங்கி வந்தால் ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டார்கள். மாமாதான் எதையாவது பேசி ஒப்பேற்றுவார்.

மாசியில் கிட்டார்காரர் கல்லூரியில் வேலை அதிகம் என்று நின்றுகொண்டார். அடுத்த வாரமே பேட் தம்பியும் நின்றார். இருவரும் சேர்ந்து வேறு குழு ஆரம்பிப்பது அப்புறம் தெரிந்தது. பங்குனியில் லால்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு அட்வான்ஸ் வாங்கியாயிற்று.

உண்மையான சேதம் இங்கேதான். குழுவின் வாட்ஸாப்புக்கு அட்மின் கிட்டார்காரர். பாட்டு வரிகள், கார்டுகள், யாருக்கு எந்த ஸ்கேல் என்ற குறிப்புகள் எல்லாம் அவருடைய கணக்கில் இருந்தன. கேட்டால் தருகிறேன் என்றார், தந்தார், ஆனால் கச்சேரி நெருங்கிய பிறகுதான் கைக்கு வந்தது. ஒரு வயர்லெஸ் மைக் அவரும் கீபோர்டுக்காரரும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. அது யாருக்கு என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் பையனைக் கிட்டாருக்குக் கெஞ்சிக் கூப்பிட்டோம். பேட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. கீபோர்டில் இருக்கும் தாளங்களை ஓடவிட்டு மாமா அதன்மேல் வாசித்தார். குத்துப் பாட்டில் அது எடுபடவே இல்லை. விழாக் கமிட்டிக்காரர், "போன வருஷம் அதிர்ந்துச்சே, இந்த வருஷம் என்னங்க?" என்று கேட்டு, பேசிய தொகையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இதே சமயம் பேட் தம்பி மூலமாகப் பாடகருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவருக்குக் கிட்டார்காரர் மேல் வந்த கோபத்தைவிட எங்கள் மேல் வந்த கோபம் அதிகம். "மூணு மாசமா என் குரல் சரியில்லைன்னு நான் ராத்திரி தூங்கல. உங்களுக்குத் தெரிஞ்சும் சொல்லலையே" என்றார். சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது, அவருடைய வருத்தமும் நியாயம்தான். பாடகியின் பேரை இழுக்காமல், "பாட்டுத் தேர்வு உங்களுக்கு எதிராப் போயிருக்கு, குரல்ல குறை இல்லை" என்று மட்டுமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம் என்பது அண்ணியின் கருத்து. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. இரண்டு வாரம் வராமல் இருந்து, மாமா போய்ப் பேசிய பிறகு வந்தார்.

பாடகி நிற்கவில்லை. சித்திரையில் தன் அம்மாவிடம் தானே சொன்னார். அம்மா கேட்ட ஒரே கேள்வி, வேன் வாசல் வரை வருமா என்பது. அப்பாவிடம் யார், எப்போது சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் மாமாவிடம் எதுவும் கேட்கவில்லை.

மாற்றிக்கொண்டவை

ஆடி சீசனுக்கு முன்னால் குழு சில விஷயங்களை நோட்டில் எழுதி வைத்தது. புதிதாகச் சேருகிறவரிடம் முதல் நாளே அண்ணி அதைப் படித்துக் காட்டுகிறார். இரவு பயணம் குழுவின் பொறுப்பு, தனி ஆளின் உதவி கிடையாது. பாட்டு வரியும் ஸ்கேலும் இரண்டு பேர் கணக்கில் இருக்க வேண்டும். விலகுகிறவர் ஒப்புக்கொண்ட கச்சேரியை முடித்துக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். கடைசி விதி மீறினால் என்ன செய்ய முடியும் என்று பேஸ்காரர் கேட்டார். ஒன்றும் செய்ய முடியாதுதான். எழுதி வைத்திருந்தால் கேட்கவாவது வாய் வரும்.

குழுவுக்குள் காதல் கூடாது என்று எழுதலாமா என்றும் பேச்சு வந்தது. மாமா ஆதரித்தார். நான் எதிர்த்தேன். அப்படி எழுதினால் நடப்பது நிற்காது, ஒளிந்து நடக்கும், தொந்தரவு வந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக எழுதியது இது: இரண்டு பேருக்கு இஷ்டம் என்றால் அது அவர்கள் விஷயம், ஆனால் பாட்டுத் தேர்வு, பணம், பயணம் மூன்றிலும் ஒருவருடைய முடிவு இன்னொருவர் கையில் இருக்கக் கூடாது. யாரிடம் சொல்வது என்ற இடத்தில் அண்ணியின் பேரை மட்டும் எழுதியிருக்கிறார்கள். அவர் கீபோர்டுக்காரரின் மனைவி. புகார் கீபோர்டுக்காரர் மேலேயே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் விடை இல்லை. வெளியாள் என்று என் பேரைச் சேர்க்கச் சொன்னார்கள். அந்த இடத்தில் இன்னொரு பெண் இருப்பது நல்லது என்று சொல்லியிருக்கிறேன்.

மைக் விவகாரம் பாதி விலையைக் கொடுத்துத் தீர்ந்தது. ஆடிக்கு முன் மாமாவுக்கு மூன்றாவது தபலா ஒன்று வாங்கினோம், பொதுப்பணத்தில் பாதி, அவர் பணத்தில் பாதி. யார் பங்கு எவ்வளவு, பிரிந்தால் யாருக்கு என்று அண்ணி கணக்கு நோட்டில் எழுதி, மாமாவிடமும் தன் கணவரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்.